கோட்டை அறைக்குக் கல்லை விடத் துணிதான் முக்கியம்: மேடையில் ஓர் இடைக்காலப் படுக்கையறை அமைப்பது எப்படி

சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு சின்னத் தையல் கடையில் 31 வருஷமாகத் திரைச்சீலை தைக்கிறேன். வீவக அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல்கள்தான் என் பிழைப்பு. வாரக்கடைசியில் எங்கள் வட்டாரத்துத் தமிழ் நாடகக் குழுவுக்கு உடுப்பும் மேடைத் துணியும் தைத்துக் கொடுப்பேன். ஐரோப்பியக் கோட்டைக்குள் நடக்கிற நாடகத்தை அந்தக் குழு மூன்று முறை போட்டிருக்கிறது. மூன்றுக்கும் அறை அமைத்தவள் நான். இப்போது மற்றக் குழுக்களில் இருந்தும் பள்ளிகளில் இருந்தும், "அக்கா, கோட்டை அறை எப்படிச் செய்வது?" என்று கேட்டு வருகிறார்கள். எல்லாருக்கும் உதவட்டும் என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாடகத்தில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். அப்போது எனக்குக் கோட்டை என்றால் கல்தான். மூன்று வாரம் உட்கார்ந்து ஸ்டைரோஃபோம் பலகைகளைக் கல் கல்லாக வெட்டினோம், சாம்பல் நிறம் அடித்தோம், சுவர் முழுக்க ஒட்டினோம். 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. கடைசி ஒத்திகையில் விளக்கைப் போட்டதும் பார்த்தால், அது சிறைச்சாலை. கதைப்படி அது புதிதாகக் கல்யாணமான பெண்ணின் அறை. அவள் தோழியோடு சிரித்துப் பேசும் காட்சி அந்தச் சுவருக்கு முன்னால் எடுபடவே இல்லை. அந்தப் பெண் எங்கே உட்காருவாள், எதைப் போர்த்திக்கொள்வாள், ராத்திரி எப்படித் தூங்குவாள் என்று நான் யோசிக்காமல் விட்டதுதான் காரணம்.

இரண்டு வருஷம் கழித்து, மகன் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மார்ச் மாதம் அவனோடு போய்த் தங்கினேன். ஷ்ராப்ஷரில் இருக்கும் ஸ்டோக்சே கோட்டைக்கு என்னை அழைத்துப் போனான். அதைக் கட்டியவர் லாரன்ஸ் ஆஃப் லட்லோ, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த கம்பளி வியாபாரி. கோட்டை அரண் வைத்துக்கொள்ள 1291-ல் முதலாம் எட்வர்ட் மன்னரிடம் அனுமதி வாங்கியிருக்கிறார். துணிக்குக் கம்பளி விற்றவர் கட்டிய வீடு என்று கேட்டதுமே எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பெரிய கூடத்தின் நடுவில், தரையிலேயே எண்கோணமாக ஓர் அடுப்பு மேடை. கூடத்தின் ஒரு பக்கத்தில், மேல்மாடியில், குடும்பத்துக்கென்று தனி அறை. அந்த அறைச் சுவரில் இரண்டு சின்ன ஓட்டைகள். அங்கே நின்றே கீழே கூடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நான் தடித்த கோட்டு போட்டிருந்தேன். அப்படியும் பத்து நிமிஷத்தில் பாதம் மரத்துப்போனது. சுவரைத் தொடவே இல்லை, பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். முதுகில் இருந்த சூட்டை யாரோ உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. வெளியே இருந்து வருகிற எதிரிக்குத்தான் அது கல். உள்ளே குடியிருந்தவர்கள் சுண்ணாம்பையும் சாயத்தையும் துணியையும் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அந்த வீட்டுச் சுகம் எல்லாம் குளிரைத் தள்ளி நிறுத்துவதில் இருந்தது.

அதனால் முதல் வேலை, உங்கள் நடிகர்களுக்குக் குளிரைக் காட்டுவது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுகம் என்றால் காற்று; மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பார்கள். கோட்டைக்குள் எல்லாம் தலைகீழ். பயிற்சி அறையில் ஏர்கானை 18-ல் வைத்து, செருப்பைக் கழற்றி, வெறுந்தரையில் அரை மணி நேரம் உட்காரச் சொன்னேன். யாரும் சொல்லிக் கொடுக்காமலே காலை மடக்கிக்கொண்டார்கள், சுவரை விட்டு நகர்ந்தார்கள், பக்கத்தில் இருப்பவரோடு ஒட்டிக்கொண்டார்கள். இயக்குநர் தம்பி அப்படியே குறித்துக்கொண்டார். அந்த அறையில் மனிதர்கள் அப்படித்தான் நகர்வார்கள்: சுவரில் இருந்து நெருப்புக்கு, தரையில் இருந்து கட்டிலுக்கு.

ஆண்டும் ஆளும்

"இடைக்காலம்" என்று பொதுவாகச் சொன்னால் எதையும் தைக்க முடியாது. எனக்குப் பிடித்தது 1280-இல் இருந்து 1350 வரை. சுவரோடு சேர்ந்த புகைபோக்கி அடுப்பு, தனியறை, கொஞ்சம் கண்ணாடி, கட்டில் திரை எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. 1100 என்று வைத்தால் பெரும்பாலும் கூடத்து நடு அடுப்பும் கூரை வழியே போகிற புகையும்தான். 1450-க்குப் பிறகு என்றால் அலங்காரம் கூடிப்போய்ச் செலவு தாங்காது.

அடுத்தது, அறையில் யார் யார் தூங்குகிறார்கள் என்று கதாசிரியரிடம் கேளுங்கள். பிரபுவும் மனைவியும் மட்டும் என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்காரப் பெண் அதே அறையில், கட்டிலின் காலடியில் அல்லது கட்டிலுக்கு அடியில் இருந்து இழுக்கும் சின்னப் படுக்கையில் படுப்பாள். மற்ற வேலையாட்கள் கூடத்தில், சாப்பாட்டு மேசைகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு அங்கேயே படுப்பார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக இருப்பது என்பது அவர்களுக்கு அரிது. கட்டில் திரையை இழுத்தால் அதுதான் தனிமை. இது தெரிந்த பிறகு எங்கள் கதாசிரியர் ஒரு காட்சியையே மாற்றினார். ரகசியம் பேசும் கணவனும் மனைவியும் திரைக்குள் போய்க் கிசுகிசுக்க, வெளியே வேலைக்காரி கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

சுவர்

சாம்பல் நிறத்தை வாங்கவே வேண்டாம். மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்து ஆணியடித்து, லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை அடியுங்கள். அதன் மேல் செங்காவி நிறத்தில் மெல்லிய கோடுகள். இங்கே ஒரு வேடிக்கையான உண்மை இருக்கிறது. அந்தக் காலத்தில் கரடுமுரடான கல்சுவரைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார்கள். பிறகு அந்தப் பூச்சின் மேல், ஒழுங்காக வெட்டிய கல் மாதிரி சிவப்புக் கோடு வரைந்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சின்னப் பூ கூடப் போடுவார்கள். 1216 முதல் 1272 வரை இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ஹென்றி தன் அறைகளுக்குப் பச்சை நிறம் அடித்துப் பொன் நட்சத்திரங்கள் வரையச் சொல்லி ஆணை கொடுத்தவர். கையில் காசிருந்தால் அதையும் செய்து பாருங்கள், அழகாக இருக்கும்.

கட்டம் 40-க்கு 20 செ.மீ. போதும். கோட்டின் அகலம் சுண்டுவிரல் நகத்துக்கு மேல் வேண்டாம். அளவுகோல் வைத்து வரையாமல் நூலை இழுத்துக் கட்டி, அதைப் பார்த்துக் கையாலேயே வரையுங்கள். அந்தச் சின்ன நடுக்கம்தான் உயிர். பிரான்சின் பர்கண்டி பகுதியில் கெடலோன் என்ற இடத்தில் 1997-இல் இருந்து 13-ஆம் நூற்றாண்டு முறையில் ஒரு கோட்டையையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஓர் அறைக்கு, சுற்றுவட்டார மண்ணில் எடுத்த காவி நிறங்களால் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். படங்களைத் தேடிப் பாருங்கள். நம் ஊர்த் திண்ணைக் காவியும் கோயில் மதில் பட்டையும் ஞாபகம் வரும்.

தொங்கு துணி

சுவரின் கீழ் முக்கால் பாகத்துக்குத் துணி. ஜன்னல் திரை தைக்கிறவர்கள் இங்கே தடுமாறுவோம், ஏனென்றால் நம் கை தானாகவே சுருக்கு வைக்கும். சுவர்த் துணிக்குச் சுருக்கு கிடையாது. தட்டையாக, கொக்கிகளில், கொக்கிக்குக் கொக்கி லேசாகத் தொய்ந்து தொங்க வேண்டும். 25 செ.மீ.க்கு ஒரு கொக்கி. 280 செ.மீ. அகலத் திரைத்துணியை வாங்கிப் பக்கவாட்டில் ஓடவிட்டால் நடுவில் ஒட்டுத் தையலே இராது. அரபு ஸ்திரீட்டில் பழைய சரக்காக ஒதுக்கி வைத்த, வெளிச்சம் புகாத இருட்டடிப்புத் துணியை மீட்டர் 4 வெள்ளிக்கு எடுத்தேன். கனம் நன்றாக இருக்கும். துணி தரைக்கு 5 செ.மீ. மேலே நிற்கட்டும், இல்லையென்றால் பாவாடை கட்டிய நடிகைகள் மிதித்து இழுத்துவிடுவார்கள்.

துணியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடாமல் ஒரு மரச்சட்டம் கொடுத்து 4 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள். உண்மையிலும் அந்த இடைவெளியில் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுத்தது. மேடையில் இன்னொரு பயனும் உண்டு. சட்டத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மின்விசிறி வைத்து, கதவு திறக்கும்போது மட்டும் ஓடவிட்டால் துணி ஒரு தடவை மூச்சு விட்டு அடங்கும். வெளியே எவ்வளவு குளிர் என்று ஒரு வசனமும் இல்லாமல் பார்வையாளருக்குத் தெரிந்துவிடும்.

நிறம் எடுக்கும்போது செடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மேடர் வேரில் இருந்து வந்தது, நம் மஞ்சிட்டியின் உறவு. நீலம் வோட் இலையில் இருந்து. அவுரியில் இருக்கும் அதே நீலம்தான் அதிலும் இருக்கிறது. மஞ்சள் வெல்ட் செடியில் இருந்து. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. பளபளக்கும் சாட்டின் வேண்டாம், விளக்குப் பட்டால் கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

எவ்வளவு துணி போடலாம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன். 1255-ல் ஸ்பெயின் பக்கத்துக் காஸ்டீல் நாட்டு இளவரசி எலினார் மருமகளாக இங்கிலாந்து வந்தபோது, வெஸ்ட்மின்ஸ்டரில் அவருடைய அறைச் சுவர்களில் விலையுயர்ந்த துணிகளைத் தொங்கவிட்டு, தரையிலும் விரிப்பு போட்டார்களாம். அது ஸ்பெயின் நாட்டுப் பழக்கம். லண்டன்காரர்களுக்கு அது அதிகப்படியாகத் தெரிந்தது என்று அக்காலத்துத் துறவி மேத்யூ பாரிஸ் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் கதையில் வெளிநாட்டு மருமகள் வந்தால் தரைவிரிப்பு போடுங்கள். இல்லையென்றால் சுவரோடு நிறுத்துங்கள். படம் நெய்த திரைச்சீலை வேண்டும் என்று இயக்குநர் கேட்டால், பிரான்சின் ஆன்ஜே கோட்டையில் இருப்பதைக் காட்டுங்கள்: 1377-க்கும் 1382-க்கும் இடையில் நெய்தது, இன்றும் சுமார் 100 மீட்டர் நீளம் மிஞ்சியிருக்கிறது. அது கோமகன் ஒருவரின் செல்வம். சாதாரணப் பிரபுவுக்குச் சாயம் தீட்டிய துணியே போதும், அதை நாமும் தீட்டலாம்.

கட்டில்

பணமும் நேரமும் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டிலை மட்டும் செய்யுங்கள். அறைக்குள் அது இன்னோர் அறை. வீட்டிலேயே விலை கூடிய பொருளாகப் பல இடங்களில் அது இருந்திருக்கிறது. உயில் எழுதும்போது கட்டிலையும் அதன் திரைகளையும் பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள்.

பலரும் செய்கிற தவறு, நான்கு மூலையிலும் செதுக்கிய தூண் வைத்த கட்டில். அது பிந்தைய காலம். நாம் எடுத்துக்கொண்ட காலத்தில் மேற்கட்டி, அதாவது கட்டிலுக்கு மேலே கூரை மாதிரி இருக்கும் துணி, உத்தரத்தில் இருந்து கயிற்றில் தொங்கும், திரை அதில் இருந்து இறங்கும், கீழே மரக்கட்டில் தனியாக நிற்கும். கட்டில் சட்டத்தில் கயிறு பின்னியிருப்பார்கள். நம் கயிற்றுக் கட்டிலேதான், கொஞ்சம் தடிமனான மரம். அதன் மேல் வைக்கோல் மெத்தை, அதன் மேல் இறகு மெத்தை, நார்த்துணி விரிப்பு, கம்பளி, மேலே ஒரு நல்ல போர்வை, வசதி உள்ளவர்களுக்கு ஓரத்தில் ரோமம். பார்வையாளருக்கு அத்தனை அடுக்கும் தெரியட்டும். ஒவ்வொன்றையும் கீழே இருப்பதை விட ஒரு சாண் குறைவாக விரித்தால், விளிம்பு விளிம்பாகத் தெரியும்.

என் அளவு இது. மேற்கட்டி 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், பிவிசி குழாயில் சட்டம். திரை உயரம் 220 செ.மீ. இங்கே சுருக்கு வேண்டும், இரண்டு மடங்கு. பக்கத்துக்கு 4 மீட்டராக இரண்டு பக்கம் 8, காலடிக்கு 3, ஆக 11. தலைப்பக்கத் தட்டைத் துணிக்கு ஒன்றரை, மேற்கட்டிக்கு 2. மொத்தம் பதினான்கரை, 15 மீட்டராக வாங்குங்கள். 280 அகலத்தில் 220 உயரமும் மடிப்பும் போக, 45 செ.மீ. பட்டை நீளமாக மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாமல் மேற்கட்டியின் விளிம்பில் சுற்றி வரும் தொங்கலுக்கு வெட்டிக்கொள்ளலாம். எனக்கு வெளித்துணிக்கு 90 வெள்ளி ஆனது. திரைக்கு இரண்டு முகம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்; உள்பக்கம் காடாத் துணி உள்தையல் கொடுங்கள்.

சுருக்கு நாடா தைக்காதீர்கள். நாடா தைத்த சுருக்கைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு வீட்டு வரவேற்பறைதான் ஞாபகம் வரும். மேல் விளிம்பில் மர வளையம் அல்லது பித்தளை வளையம், 15 செ.மீ.க்கு ஒன்று. வளையம் கம்பியில் ஓடும் சத்தம் நாடகத்துக்குக் கிடைக்கிற இலவச இசை. இரண்டாவது நாடகத்தில் அந்தச் சர்ரென்ற சத்தம் கேட்டதும் அரங்கமே அமைதியானது.

சமூக மன்ற மேடைகளில் பலவற்றில் மேலே கயிறு கட்ட இடம் இருக்காது. கேட்காமல் எதிலும் கட்டவும் கூடாது. கட்டிலின் தலைப்பக்கத்தில், கோல்போஸ்ட் மாதிரி ஒரு சட்டம் நிறுத்தி, அடியில் கனம் ஏற்றி, அதில் இருந்து மேற்கட்டியைத் தொங்கவிடுங்கள். பின்னால் தலைத்துணி இருப்பதால் சட்டம் தெரியாது.

பகலில் திரையை எப்படி வைப்பது என்று நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. நாடா கட்டி இரண்டு பக்கமும் ஒதுக்குவது பிந்தைய நாகரிகம். 15-ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் பார்த்தால், திரையின் கீழ்ப்பாதியை அள்ளித் தூக்கி, உள்ளே செருகி, பேரிக்காய் மாதிரி ஒரு பை போலத் தொங்கவிட்டிருப்பார்கள். செய்வது சுலபம். திரையை ஒரு மூலையில் ஒன்றுசேருங்கள். கீழ் விளிம்பை இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். மேலே தொங்குகிற மடிப்புகளுக்குப் பின்னால் அதைச் செருகி, ஒரு தடவை முறுக்கி விடுங்கள். புடவைக் கொசுவம் செருகத் தெரிந்த கைக்கு இரண்டு நிமிஷப் பழக்கம். அதன் பிறகு கட்டில் ஓர் இருக்கை ஆகிவிடும். வருகிறவர்களை அதில் உட்கார்ந்தபடியே வரவேற்கலாம். யான் வான் ஐக் 1434-ல் வரைந்த புகழ்பெற்ற இரட்டை உருவப்படத்தில், அந்த ஆணும் பெண்ணும் நிற்கும் அறையிலேயே சிவப்புத் திரை போட்ட கட்டில் இருப்பதைப் பாருங்கள். அது வியாபாரி வீடு, கோட்டை இல்லை. ஆனாலும் கட்டிலை ஒளித்து வைக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்பது விளங்கும்.

ஜன்னல், நெருப்பு, தரை

திரைச்சீலைக்காரி சொல்கிறேன், ஜன்னலுக்குத் திரை போடாதீர்கள். அக்காலத்தில் ஜன்னல் திரை பெரும்பாலும் கிடையாது. மரக்கதவுதான். காசு இருந்தால் மேல்பாதிக்கு ஈயச் சட்டத்தில் சின்னச் சின்னக் கண்ணாடி, கீழ்ப்பாதிக்கு மரக்கதவு. சுவர் அவ்வளவு தடிமன் என்பதால் ஜன்னலுக்குள்ளேயே எதிரும் புதிருமாக இரண்டு கல் இருக்கை இருக்கும். பெண்கள் அங்கே உட்கார்ந்து ஊசி வேலை செய்வார்கள், வெளிச்சம் அங்கேதான் வரும். எனக்கு அந்த அறையிலேயே பிடித்த இடம் அதுதான். நானும் கடை வாசலோரத்தில் உட்கார்ந்துதான் நூல் கோர்க்கிறேன். இரண்டு பெட்டிகளை எதிரெதிரே வைத்து, கனத்த மெத்தைகள் போட்டு, பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டி, ஒரே பக்கத்தில் இருந்து நீலங்கலந்த வெள்ளை ஒளி விழவிடுங்கள்.

எதிர்ப்பக்கம் நெருப்பு. சுவரில் இருந்து சாய்வாக வெளியே வரும் புகைக்கூண்டை அட்டையில் செய்து, சுவர் மாதிரியே சுண்ணாம்பு நிறம் அடித்துவிடலாம். நிஜ நெருப்புக்கு மன்றத்தில் அனுமதி கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். ஐந்து எல்இடி மெழுகு விளக்கு, மேலே கசக்கிய ஆரஞ்சு நிற ஒளித்தாள், அதற்கு மேல் நிஜ விறகு நான்கு. 1385-ல் அனுமதி வாங்கிக் கட்டிய இங்கிலாந்தின் போடியம் கோட்டையில் 33 அடுப்பும் 28 கழிப்பிடமும் எண்ணியிருக்கிறார்கள். கழிப்பிடத்தை விட அடுப்பு அதிகம். நெருப்பை மேடையின் ஓரத்தில் ஒதுக்கிவிடாதீர்கள், பாதி நாடகம் அதைச் சுற்றித்தான் நடக்கும்.

படுக்கும் முன் தணலின் மேல் ஓர் உலோக மூடியைக் கவிழ்ப்பார்கள். பிரெஞ்சில் அதற்கு 'நெருப்பை மூடு' என்று பொருள்படும் பெயர். ஊரடங்குக்கு நாம் சொல்கிற கர்ஃபியூ என்ற சொல் அங்கே இருந்து வந்ததுதான். வேலைக்காரப் பெண் மூடியைக் கவிழ்க்கும் நொடியில் ஆரஞ்சு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். அதை விட நல்ல ராத்திரி எனக்குத் தெரிந்து மேடையில் இல்லை. பழைய பித்தளைப் பானை ஒன்றைக் குறுக்கே அறுத்து நாங்கள் மூடி செய்தோம்.

வெளிச்சம் குறைவாகவே இருக்கட்டும். தேன்மெழுகு விலை அதிகம். தேவாலயத்துக்கும் பெரிய வீட்டுக்கும்தான். மற்றவர்களுக்கு மிருகக் கொழுப்பு மெழுகுதிரி, இல்லாவிட்டால் நாணல் தண்டின் உள்ளே இருக்கும் மெத்தென்ற சோற்றைக் கொழுப்பில் தோய்த்து ஏற்றிய திரி. அறைக்கு மூன்று மெழுகுதிரிக்கு மேல் வைத்தால் நம்பும்படி இருக்காது.

தரைக்கு அவர்கள் கோரை போன்ற நீர்ப்புல்லைப் பரப்பினார்கள். நடுவே வாசனைத் தழைகள். பழையதை அள்ளாமல் புதிதை மேலே போட்டதால் அடியில் எச்சிலும் மீன்முள்ளும் இருபது வருஷமாகக் கிடக்கும் என்று, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் எராஸ்மஸ் ஒரு கடிதத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். மேடையில் உதிரிப் புல் வழுக்கும், ஆபத்து. சிராங்கூன் சாலைக் கடைகளில் கோரைப்பாய் வாங்கி, ஒன்றோடொன்று தைத்து விரியுங்கள். ஓரங்களில் மட்டும் பின்னலை அவிழ்த்து, புல் பிரிந்து கிடப்பது போல் ஒட்டுங்கள். வெட்டிவேர் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது வெயிலைத் தணிக்கிற வாசனை, நம் மூக்கு உடனே தஞ்சாவூருக்குப் போய்விடும். காய்ந்த லாவண்டர் ஒரு கைப்பிடி போதும், முதல் மூன்று வரிசைக்கு எட்டும்.

நாற்காலி ஒன்றே ஒன்று. அது வீட்டுத் தலைவருக்கு. மற்றவர்களுக்குப் பெஞ்சு, முக்காலி, பெட்டி. இரண்டாவது நாற்காலி வைத்தீர்கள் என்றால் யார் பெரியவர் என்பது குழம்பிவிடும்.

தண்ணீரும் மறைவிடமும்

கழிப்பிடத்தை அறையின் மூலையில், சுவரின் தடிமனுக்குள் ஒரு குறுகிய வாசலாகக் காட்டினால் போதும். உள்ளே கல் இருக்கை, கீழே அகழியை நோக்கி ஒரு துளை. வேல்ஸில் கான்வி ஊர் மதிலில் இப்படி 12 வரிசையாக வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. அந்த வாசலுக்கும் ஒரு கனத்த துணி, பின்னால் ஒரு விசிறி.

கைகழுவும் காட்சியை விட்டுவிடாதீர்கள். முள்கரண்டி இல்லாத காலம். விரலாலும் கத்தியாலும் கரண்டியாலும் சாப்பிட்டார்கள். அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒருவர் கெண்டியில் தண்ணீர் ஊற்ற, மற்றவர் தோளில் துவாலையோடு நிற்பார். நம் நடிகர்களுக்கு இதை ஒருமுறை கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கெண்டியும் தாம்பாளமும் வீட்டிலேயே இருந்தன.

குளிப்பது மரத்தொட்டியில். தொட்டிக்குள் நார்த்துணி விரித்து, மேலே கூடாரம் மாதிரி துணி கட்டுவார்கள், ஆவி போகாமல் இருக்க. இங்கேயும் துணிதான். தண்ணீர் சுமந்து ஏற்றுவது பெரிய பாடு. இங்கிலாந்தின் டோவர் கோட்டையில் இரண்டாம் ஹென்றி மன்னர் 1180-களில் கட்டிய பெரிய கோபுரத்தில் கிணற்றையே மேல்மாடி வரை கொண்டுவந்து, ஈயக் குழாயில் தண்ணீர் ஓடவிட்டார்கள். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. உங்கள் கதையில் யாராவது வெந்நீர் கேட்டால், இரண்டு பேர் மூச்சு வாங்க வாளி தூக்கி வரட்டும்.

வெறும் அறையில் தொடங்குங்கள்

மூன்றாவது நாடகத்தில்தான் எனக்கு மனம் நிறைந்தது. பெரிய பிரபுக்களுக்குப் பல வீடுகள். ஓரிடத்தில் சில வாரம் தங்கி, அங்கே தானியம் தீர்ந்ததும் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். கட்டில் துணி, சுவர்த் துணி, பாத்திரம், மெழுகுதிரி எல்லாம் பெட்டிகளில் வண்டியேறும். அவர்கள் போன பின் கோட்டை வெறும் சுவர். இதை இயக்குநர் தம்பியிடம் சொல்லி, நாடகத்தை வெறும் அறையில் தொடங்கும்படி கெஞ்சினேன். ஆறு நிமிஷம், வசனமே இல்லை. ஐந்து நடிகர்கள் பெட்டிகளைத் தூக்கி வந்து, கொக்கியில் துணி மாட்டி, கட்டில் விரித்து, நெருப்பு மூட்டினார்கள். அந்த ஆறு நிமிஷத்தில் பார்வையாளர்கள் தோளைத் தளர்த்திச் சாய்ந்து உட்கார்ந்ததைப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன்.

இதைச் செய்ய நினைத்தால் ஒத்திகைக்குக் குறைந்தது நான்கு நாள் ஒதுக்குங்கள். முதலில் நெருப்பு, பிறகு சுவர்த் துணி, பிறகு மேற்கட்டி, கடைசியாகப் படுக்கை விரிப்பு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். துணியின் பின்பக்கம் இடமிருந்து வலமாக எண் தைத்து வையுங்கள், கொக்கிக்கும் அதே எண். ஒவ்வொரு துணிக்கும் ஒரு நடிகர் பொறுப்பு. பெட்டி ஒட்டுப்பலகையில், கயிற்றுப் பிடியோடு, மேல்மூடி தட்டையாக இருக்கட்டும். துணி இறங்கியதும் அதே பெட்டி கட்டிலின் காலடியில் இருக்கையாக நிற்கும்.

நாடகம் முடிந்து லாரி ஏற்றும்போது அவசரப்படாதீர்கள். வியர்வையும் புகைப்பொறியின் ஈரமும் துணியில் இருக்கும். நம் ஊர்க் காற்றில் மூன்று நாளில் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு நாள் முழுக்க விசிறிக்குக் கீழே காயவிட்டு, மடிக்காமல் அட்டைக் குழாயில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள். என்னுடையவை என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. சிவப்புக் கட்டில் திரை ஒரு முழுத் தொகுதி, 220 செ.மீ. உயரம், வளையங்களோடு. வேண்டிய குழு எடுத்துப் போகலாம். குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, நன்றாகக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.